புண்ணாக்கில் பிறந்த பலகைப் பசை

இந்தப் பசையின் கதையை எழுதுகிற எல்லோரும் அதைக் கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். அலை அடிக்கிறது, பாறையில் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேராசிரியர் ஒருவர் பார்த்து வியக்கிறார், உலகத்துக்குப் புதுப் பசை கிடைத்துவிடுகிறது. காட்சி உண்மைதான், நானும் அங்கே வருவேன். ஆனால் பலகையை ஒட்டும் பசைக்கு அதைவிடப் பழைய, கொஞ்சம் நாற்றமடிக்கிற பூர்வகதை ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் குதித்துச் சிப்பியிடம் போனால், பேராசிரியர் கண்டுபிடித்தது எது, முன்பே கிடந்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

தச்சுப் பட்டறையில் வச்சிரம் காய்ச்சிய வாடை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கிற பசை அது. கட்டியாக வாங்கி, ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கிய சின்னச் சட்டியில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூசிவிட வேண்டும். வேதியியல் கண்ணால் பார்த்தால் வச்சிரம் ஒரு புரதம். மேல்நாடுகளில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை இருந்தது, இறைச்சிக்கூடத்து இரத்தத்தில் செய்த பசை இருந்தது. இரண்டும் புரதமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை நல்ல மரச்சாமான் எதை எடுத்தாலும், அதன் மூட்டுகளைப் பிடித்து வைத்திருந்தது பெரும்பாலும் ஏதாவது ஒரு புரதம்தான். இவற்றுக்கெல்லாம் எதிரி ஒன்றே ஒன்று: தண்ணீர். நனைந்தால் ஊறும், பூசணம் பிடிக்கும், பிடி விட்டுப்போகும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் மரத்தால் வாழ்ந்த ஊர்களின் மாநிலம். 1905-இல் அதன் போர்ட்லண்ட் நகரில் பெரிய உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. செயின்ட் ஜான்ஸ் பகுதியில் மரப்பெட்டி செய்துகொண்டிருந்த சிறிய ஆலை ஒன்று, டக்ளஸ் ஃபர் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை குறுக்கே வருகிற மாதிரி அடுக்கி ஒட்டி, அந்தக் கண்காட்சியில் வைத்தது. பசை பூசியது வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால். அழுத்தியது வீட்டைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியால். ஒட்டியது விலங்குப் பசை, நம் வச்சிரத்தின் பங்காளி. அமெரிக்க மேற்குக்கரையின் பிளைவுட் தொழில் இப்படித்தான் தொடங்கியது.

அடுத்து வந்தது சோயா. இந்த இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சோயாவிலிருந்து எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கில் ஏறக்குறைய பாதி புரதம். 1923-இல் ஓடிஸ் ஜான்சன் என்பவர் சோயா மாவுப் பசைக்குக் காப்புரிமை பெற்றார். சியாட்டிலில் வேதியியல் ஆய்வுக்கூடம் நடத்திய இர்விங் லாக்ஸ் அதை ஆலைக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்தும் பண்டமாக ஆக்கினார். புண்ணாக்கை நைசாக அரைத்து, சுண்ணாம்பு, காரம் முதலியன சேர்த்துக் குழைத்தால் பசை தயார். பால் பசையைவிட மலிவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்குக்கரைப் பிளைவுட் ஆலைகளில் சோயாவின் ராஜ்யம் நடந்தது.

தண்ணீர்தான் அதையும் கவிழ்த்தது. அந்தக் காலத்து மோட்டார் கார்களில் ஏறுவதற்குக் கதவுக்குக் கீழே ஒரு படிப்பலகை இருக்கும். அதைப் பிளைவுட்டில் செய்துபார்த்தார்கள். மழையிலும் சேற்றிலும் ஏடு ஏடாகப் பிரிந்து போக, கார்க் கம்பெனிகள் மறுபடி இரும்புத் தகட்டுக்கே திரும்பின. 1934-இல் வாஷிங்டன் மாநிலத்து ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின் தண்ணீருக்கு முழுதும் தாங்கும் பசை ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் சமைத்த பிசின்களின் காலம். வெளிப்புற வேலைக்கு ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு, வீட்டு உள்வேலைக்கு யூரியா-ஃபார்மால்டிஹைடு. லாக்ஸின் கம்பெனியை 1944-இல் மான்சாண்டோ வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலிய வேதிப்பொருள்களின் விலை சரியச் சரிய, சோயா மறுபடி மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று.

யூரியா-ஃபார்மால்டிஹைடு ஏன் அவ்வளவு பரவியது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. யூரியா என்பது வயலுக்குப் போடும் அதே உரம். ஃபார்மால்டிஹைடு மெத்தனாலிலிருந்து எளிதாகக் கிடைக்கும் வாயு. அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின், அதாவது கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் திரவம். 2018-இல் மீனில் கலந்திருக்கிறார்கள் என்று சென்னை மீன் சந்தைகள் பதறினவே, அதுவும் இதேதான். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சினால் வெளிறிய பிசின் கிடைக்கும். விலை குறைவு, நிறம் ஏறாது, சூடான பிரஸ்ஸில் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆலை முதலாளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பசை மலிவாக இருந்தும், அதை இன்னும் மலிவாக்க மாவு கலப்பார்கள். அமெரிக்காவில் கோதுமை மாவு, நம் ஊர் ஆலைகளில் மைதா.

குறை அந்தப் பிணைப்பிலேயே இருக்கிறது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் கைகோத்த இடம், ஈரமும் வெப்பமும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். அவிழ்ந்த ஃபார்மால்டிஹைடு வாயுவாக வெளியே வரும். பலகை செய்த அன்று மட்டும் வந்து ஓய்ந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில், சில பொருள்களில் ஆண்டுக்கணக்கில் கசியும். புது அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கிறதே, மூக்கு எரிகிறதே, அதில் பெரும்பங்கு இந்த வாயுவுக்குரியது. அடைத்த அறை, ஐப்பசி ஈரம், சித்திரை வெயில் எல்லாம் அதற்கு வசதி. ஃபீனால் பிசினில் பிணைப்பு உறுதியானது. அதிலிருந்து வருவது மிகக் குறைவு. விலை கூடுதல் என்பதாலும் கருஞ்சிவப்பாக இருப்பதாலும் உள்வேலைக்கு அதைத் தொடமாட்டார்கள்.

எழுபதுகளிலிருந்தே இதைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. 2004-இல் உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. அடுத்த ஆண்டு கத்ரீனா புயல். வீடிழந்தவர்களை அமெரிக்க அரசு தற்காலிக வண்டி வீடுகளில் குடிவைத்தது. மலிவுப் பலகையால் அவசரமாகச் செய்த சின்னச் சின்னப் பெட்டிகள் அவை. காற்றோட்டம் போதாது, லூசியானாவின் புழுக்கம் வேறு. இருமலும் தலைவலியுமாகப் புகார்கள் குவிந்தன. கடைசியில் 519 வண்டிகளில் காற்றை அளந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி நூறு கோடியில் 77 பங்கு. வெளிக்காற்றில் சாதாரணமாக இருப்பதைவிடப் பல மடங்கு.

இனிக் கடற்கரைக்குப் போகலாம்.

போர்ட்லண்டுக்குத் தெற்கே கொர்வாலிஸ் என்ற ஊரில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மர அறிவியல் துறையில் கைசாங் லீ ஒரு பேராசிரியர். மரப்பசைதான் அவர் வேலை. ஃபார்மால்டிஹைடு இல்லாத பசைக்காக வேறு வழிகளையும் அவர் முயன்றுகொண்டிருந்தார். மரத்தைப் பூஞ்சை தின்றபின் மிஞ்சும் லிக்னினில்கூடப் பசை செய்துபார்த்தது அவருடைய குழு. சிப்பி அவர் வழியில் குறுக்கிட்டது ஒரு நாள் பசிபிக் கரையில், சமையலுக்குச் சிப்பி பொறுக்கப் போயிருந்தபோது. அலை ஓயாமல் மோதுகிறது, சிப்பி அசையவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒட்டி, தண்ணீருக்குள்ளேயே இறுகி, அவ்வளவு விசையைத் தாங்குகிற பசை வேறெதுவும் தமக்குத் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது.

அவருக்கு முன் கோடிப்பேர் அந்தச் சிப்பியைப் பார்த்திருக்கிறார்கள். குமரி மாவட்டக் கடலோரத்தில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள், கையால் இழுத்தால் வராது, இரும்பால் நெம்ப வேண்டும் என்று. லீக்கு இருந்த வசதி, பார்த்த கண் பசைக்காரர் கண்ணாக இருந்தது. அதோடு, சிப்பியின் ரகசியத்தில் பாதியை இன்னொருவர் ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருந்தார்.

சிப்பி ஓட்டினால் ஒட்டிக்கொள்வதில்லை. நாக்கு மாதிரி ஒரு சதையை வெளியே நீட்டி, பாறையில் பதித்து, அதன் பள்ளத்தில் திரவப் புரதங்களைச் சுரக்கிறது. சில நிமிடங்களில் அது நாராக இறுகும். நாரின் நுனியில் சின்ன வட்டத் தட்டு பாறையைப் பிடித்திருக்கும். இப்படிப் பல நார்களை விட்டுக் கூடாரக் கயிறுபோல நாலா பக்கமும் இழுத்துக் கட்டிக்கொள்கிறது. 1981-இல் ஹெர்பர்ட் வெய்ட், மார்வின் டான்சர் என்ற இருவர் இந்தப் பசைப் புரதத்தைப் பிரித்துப் பார்த்து, அதில் டோபா என்ற அரிய அமினோ அமிலம் நிறைந்திருப்பதை ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். டோபா நமக்கு அந்நியம் இல்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தருகிற மாத்திரையில் இருப்பது அதுதான். சித்த மருத்துவத்துப் பூனைக்காலி விதையிலும் அது உண்டு.

சிப்பிக்கு டோபா இரண்டு வேலை செய்கிறது. பாறை எப்போதும் தண்ணீர்ப் படலம் போர்த்தியிருக்கும். நம் பசைகள் எல்லாம் அந்தப் படலத்தோடு நின்றுபோகும். டோபாவின் வளையத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரை விலக்கிவிட்டுப் பாறையின் கனிமத்தையே போய்ப் பிடிக்கின்றன. அது முடிந்ததும் டோபா ஆக்சிஜனேற்றம் அடைந்து பக்கத்துப் புரதச் சங்கிலிகளோடு குறுக்கே பின்னிக்கொள்கிறது. பின்னியபின் அது கரையாது. வச்சிரத்திலும் சோயாப் பசையிலும் இல்லாதது இந்தக் குறுக்குப் பின்னல்தான்.

சரி, சிப்பியிலிருந்தே பசையை எடுத்தால் என்ன? ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பி வேண்டும். பிளைவுட் ஆலைக்கோ பசை டன் கணக்கில் தேவை. லீ யோசித்தது வேறு மாதிரி. சிப்பிப் புரதத்துக்குக் கிட்டத்தட்ட நிகரான வேலையைச் செய்ய, மலிவான, மலைபோலக் குவிந்து கிடக்கிற வேறொரு புரதம் கிடைக்குமா? விடை சாப்பாட்டுத் தட்டில் கிடைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். டோஃபு. சோயாப் புரதத்தின் தயிர்க்கட்டி. அமெரிக்கா சோயா விளையும் நாடு, புரதத்துக்குப் பஞ்சமில்லை.

எண்பது ஆண்டுக்கு முன் அதே கரையோர ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்த அதே புண்ணாக்கிடம் திரும்பி வந்தாயிற்று. இந்தத் தடவை அதனிடம் கேட்ட கேள்வி வேறு: சிப்பியிடம் இருந்து சோயாவிடம் இல்லாதது எது, அதை எப்படிச் சேர்ப்பது?

முதல் முயற்சி நேரடியானது. டோபாவுக்கு நெருங்கிய உறவான டோபமைனைச் சோயாப் புரதச் சங்கிலியில் ஒட்டவைத்தார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை அது. பலன் தெளிவாகத் தெரிந்தது: பிடி கூடியது, தண்ணீரைத் தாங்கியது. ஒட்டவைத்த ஃபீனால் தொகுதிகளை மூடிவிட்டுப் பார்த்தால் அந்தத் திறன் போய்விட்டது, ஆக வேலை செய்தது அவைதான் என்பதும் உறுதியாயிற்று. 2004-இல் கந்தகம் கொண்ட தொகுதியைச் சேர்த்தும் பார்த்தார்கள். அதுவும் பயன் தந்தது. அறிவியலுக்கு இது அழகான பதில். ஆலைக்கு இது பதிலே இல்லை. டோபமைன் விலையென்ன, அதைப் புரதத்தோடு இணைக்கும் வேதிப்பொருள்களின் விலையென்ன, சுத்திகரித்த சோயாப் புரதத்தின் விலையென்ன! யூரியா பிசினோ கிலோவுக்குக் காசுக் கணக்கு.

இயற்கையிடம் கற்றுக்கொண்ட கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. கட்டுரை வரும், பத்திரிகையில் படம் வரும், காப்புரிமை ஒன்று அலமாரியில் தூங்கும். லீயின் பசையைக் காப்பாற்றியது காகித ஆலை.

தேநீர்ப் பை வெந்நீரில் கிடந்தும் கிழிவதில்லை, கவனித்திருப்பீர்கள். சமையலறையில் கை துடைக்கும் காகிதம் நனைந்தபின்னும் துண்டாகவே இருக்கும், கூழாகாது. காரணம், காகிதக் கூழில் சேர்க்கும் ஒரு பிசின். பாலிஅமிடோஅமைன்-எபிகுளோரோஹைட்ரின் என்று நீட்டி முழக்கும் பெயர் அதற்கு. டெலவேர் மாநிலத்து ஹெர்குலஸ் நிறுவனம் ஐம்பதுகளில் உருவாக்கி, கைமீன் என்ற வணிகப் பெயரில் விற்றுவந்தது. தண்ணீரில் கரைந்த நிலையிலேயே கிடைக்கும். அதன் மூலக்கூறில் விறைப்பாக வளைத்து வைத்த சிறு வளையங்கள் உண்டு. சூடு பட்டால் அவை திறந்து, பக்கத்தில் அமைன் தொகுதி எது இருந்தாலும் போய்ப் பற்றிக்கொள்ளும். சோயாப் புரதத்தில் அமைன் தொகுதிகளுக்குக் குறைவில்லை.

காகிதத்துக்குத் தெரிந்ததைப் பலகைக்கும் சொல்லித்தந்தார்கள், அவ்வளவே. சோயாவையும் கைமீனையும் கலந்து வெனீர் ஏடுகளில் பூசிச் சூடான பிரஸ்ஸில் வைத்தார்கள். ஒட்டிய துண்டுகளைக் கொதிநீரில் 4 மணி நேரம் போட்டு, உலர்த்தி, மறுபடி 4 மணி நேரம் கொதிக்கவிடுவது இந்தத் துறையின் கடுமையான தேர்வு. பழைய சோயாப் பசையாக இருந்தால் பாத்திரத்தில் ஏடுகள் மிதக்கும். இது பிரியவில்லை. டோபமைன் வேண்டாம், கந்தகம் வேண்டாம். சுத்தப் புரதமும் வேண்டாம், சாதாரணச் சோயா மாவே போதும் என்றும் ஆயிற்று. அங்கேதான் விலைக் கணக்கு நேர்ப்பட்டது.

கவனியுங்கள், ஆலைக்குப் போன பசையில் சிப்பியின் டோபா இல்லை. சிப்பி தந்தது ஒரு கேள்வியை: தண்ணீரில் கரைந்த புரதத்தை, இறுகியபின் கரையாதபடி எப்படிக் குறுக்கே பின்னுவது? அந்தக் கேள்விக்கு விடை காகிதத் தொழிலில் நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் பீப்பாய்களில் நிரம்பிக் கிடந்தது. இதைச் சொல்வதால் லீயின் பெருமை குறைந்துவிடாது. ‘சிப்பிப் பசை’ என்று இதைக் கொண்டாடும் விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம்.

அடுத்து ஓர் ஆலை துணிய வேண்டியிருந்தது. கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ், வட அமெரிக்காவின் மிகப் பெரிய கடினமரப் பிளைவுட் உற்பத்தியாளர். அலமாரி, மேசை, சமையலறைத் தட்டு எல்லாவற்றுக்கும் போகிற அலங்காரப் பலகை அது. அப்போது தலைமையகம் போர்ட்லண்டில். பங்குகள் தொழிலாளர்களுக்கே உரிய நிறுவனம் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. பசைக் கலவை அறையில் ஃபார்மால்டிஹைடை மூச்சில் இழுப்பவர்களும் பங்குதாரர்களும் ஓரளவுக்கு ஒரே ஆட்கள்.

ஆய்வகத்தில் கைமுழம் பலகையை ஒட்டுவது வேறு, ஆலையில் நாள் முழுதும் ஒட்டுவது வேறு. சோயா மாவுப் பசை கெட்டியாக இருக்கும். உருளையில் சீராகப் பரவ வேண்டும் என்றால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். கூட்டிய தண்ணீர் பிரஸ்ஸின் சூட்டில் நீராவியாகும். வெளியேற வழி இல்லாவிட்டால், பிரஸ்ஸைத் திறக்கும் கணத்தில் பலகையின் வயிறு வெடித்துக் கொப்புளித்துவிடும். மாவுக்கும் தண்ணீருக்கும் பிசினுக்கும் விகிதம், பிரஸ்ஸில் வைக்கும் நேரம், வெனீரின் ஈரம் என்று ஒவ்வொன்றையும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஆறுதலாக ஒன்று இருந்தது. இருக்கிற கலவைத் தொட்டி, உருளை, பிரஸ் எல்லாமே இதற்கும் ஆகும். புது இயந்திரங்கள் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. மாவு குழைப்பது ஆலைத் தொழிலாளிக்குப் பழகிய வேலைதான்.

2005-இல் அந்தப் பலகை பியூர்பாண்ட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. நிறுவனம் ஒரு மாதிரி வரிசையில் மட்டும் பச்சை முத்திரை குத்தி நிறுத்திக்கொள்ளவில்லை. தன் வழக்கமான கடினமரப் பிளைவுட் உற்பத்தியையே இந்தப் பசைக்கு மாற்றியது. 2006 ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஃபார்மால்டிஹைடு பிசினின் இடத்தை இது எடுத்துக்கொண்டது. நம் கணக்கில் சுமார் 21,000 டன். ஒவ்வோர் ஆலையிலிருந்தும் வெளியேறும் தீங்கான காற்று மாசு 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது. விலை பழைய பசையோடு போட்டி போடும் அளவிலேயே இருந்தது; பிடி அதைவிட வலுவாக இருந்தது.

இத்தனையும் நடந்தபோது இப்படிச் செய் என்று கட்டாயப்படுத்திய சட்டம் எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் பலகைகளின் ஃபார்மால்டிஹைடுக்குக் கடுமையான வரம்பு விதித்தது 2007 ஏப்ரலில். அது நடைமுறைக்கு வந்தது 2009-இல். அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் 2010-இல் கையெழுத்தாகி, விதிகள் எழுதப்பட்டு, உண்மையில் கடைக்கு வந்து சேர 2018 ஆயிற்று. அத்தகைய சட்டம் வரும்போதெல்லாம் தொழில்காரர்கள் எழுப்புகிற கூக்குரல் ஒன்றே: மாற்று இல்லை, செய்தால் நொடித்துப்போவோம். ஒரு பெரிய ஆலை செய்து, விற்று, லாபமும் பார்த்துவிட்டதால் இந்தத் தடவை அந்தக் கூக்குரல் எடுபடவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பசையின் பெரிய சாதனை பலகையை ஒட்டியதைவிட இதுதான்.

2007-இல் லீ, கொலம்பியா, ஹெர்குலஸ் மூவருக்கும் சேர்த்து அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. பேராசிரியர், ஆலைக்காரர், வேதிப்பொருள் வியாபாரி என்று மூவர் பெயரும் ஒரே வரியில் இருந்ததுதான் அந்த விருதின் நியாயம். ஹெர்குலஸை மறு ஆண்டே ஆஷ்லண்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பசை ஆஷ்லண்ட் வழியாக மற்ற பலகை ஆலைகளுக்கும் போயிற்று. 2017-இல் லீக்குக் கோல்டன் கூஸ் என்ற இன்னொரு விருது. இதன் பின்கதை சுவையானது. அமெரிக்க செனட்டில் வில்லியம் பிராக்ஸ்மயர் என்பவர் எழுபதுகளில், அரசுப் பணத்தை வீணடிக்கும் ஆய்வுகள் என்று தமக்குப் பட்டவற்றைப் பொறுக்கி எடுத்து மாதந்தோறும் கேலி விருது கொடுப்பார். கேட்டால் சிரிப்பு வரும் ஆய்வுதான் பல தடவை பெரும் பயன் தருகிறது என்று அதற்கு எதிராகத் தொடங்கிய விருது இந்தப் பொன் வாத்து. அரசு உதவித்தொகையில் ஒருவர் சிப்பியின் நாரை ஆராய்ந்தார் என்று சொன்னால் பிராக்ஸ்மயர் என்ன செய்திருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இயற்கைப் பசை என்று முழுமனத்தோடு சொல்ல முடியாது. கைமீனின் பெயரிலேயே இருக்கும் எபிகுளோரோஹைட்ரின் நச்சுள்ள தொழிற்சாலை வேதிப்பொருள். பிசினாக மாறி, பலகையில் இறுகியபின் அதன் வீரியம் இல்லை என்றாலும், அதைத் தயாரிக்கும் இடம் ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்கிறது. ‘ஃபார்மால்டிஹைடே இல்லை’ என்ற வாசகமும் சரியல்ல. மரமே சிறிதளவு ஃபார்மால்டிஹைடை வெளியிடும். அதனால்தான் விவரமான நிறுவனங்கள் ‘சேர்க்கப்படவில்லை’ என்று மட்டும் எழுதுகின்றன. தின்கிற சோயாவைப் பசையாக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணெய் எடுத்த சோயாவில் பெரும்பங்கு கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீனியாகத்தான் போகிறது என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இந்தியாவில் நிலைமை எப்படி? பிளைவுட் என்றால் ஹரியானாவின் யமுனாநகர், கேரளத்தின் பெரும்பாவூர். ஒன்றில் பாப்லர் மரம், மற்றதில் ரப்பர் மரம். உள்வேலைப் பலகைக்குப் பசை பெரும்பாலும் இன்னும் யூரியா-ஃபார்மால்டிஹைடுதான். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விளைகிறது. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கை ஏற்றுமதி செய்கிறோம். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் இருக்கும் கார்டனாலை ஃபீனாலுக்குப் பதிலாகப் பிசினில் சேர்க்கலாம் என்பது இங்கே வெகு காலமாகத் தெரிந்த சங்கதி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு என்ன குறை? பொருளும் அறிவும் இருக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்தான் குறைவு.

கேட்கிறவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். கடைக்காரர் ‘710 மரைன் சார், தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்பார். அது தண்ணீருக்கான தரம். அதில் ஃபீனால் பிசின் இருப்பதால் வாயுவும் குறைவாக வரும் என்பது கூடுதல் நன்மை. ‘கமர்ஷியல்’ அல்லது எம்.ஆர். என்று விற்பதில்தான் யூரியா பிசின் இருக்கும், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டிலும் பெரும்பாலும் அதுவே. வாயுவுக்கான முத்திரை தனி: இ1 அல்லது இ0. அது பலகையில் அச்சாகியிருக்கிறதா, சோதனைச் சான்று இருக்கிறதா என்று பில் போடுவதற்கு முன் கேளுங்கள். வாயு அதிகம் கசிவது அறுத்த விளிம்பில். அலமாரிக்கு உள்பக்கம், பின்பக்கம் உட்பட எல்லா விளிம்புக்கும் எட்ஜ் பேண்டு ஒட்டச் சொல்லி ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சில வாரம் கதவையும் ஜன்னலையும் திறந்து போடுங்கள். குழந்தை படுக்கும் அறையின் மரவேலையைக் குழந்தையை அங்கே படுக்கவைப்பதற்கு நாலைந்து மாதம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.